மழையும் மாறியது, வெயிலும் மாறியது



எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சிறு செய்தியோடு இன்றைய உரையைத் தொடங்குகிறோம். ஒரு நவம்பர் மாதம். நான்காம் ஆண்டில் படிக்கும் மாணவன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தான். "ஏனப்பா வரவில்லை?" என்று கேட்டோம். "மழை சார்" என்றான். "மழை என்றால் என்ன, வீட்டில் குடை இல்லையா?" என்றோம். "குடை இருக்கு சார். வேனுக்குக் காசு இல்ல. அப்பாவுக்கு வெட்டு இல்ல" என்றான்.

அடுத்த வாரம் பயிற்சி நூல் வாங்கவில்லை என்று கேட்டபோதும் அதே பதில்தான்: "மழை சார்." வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களும் பால்மரம் வெட்டிய தாயின் பிள்ளைகள். விடியற்காலையில் தகரக் கூரையில் மழை விழும் ஓசை கேட்டால், பட்டணத்துப் பிள்ளை போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கும். தோட்டத்துப் பிள்ளையோ, அடுப்படியில் அம்மா பெருமூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும். நம் வீடுகளில் மழை என்பது சம்பளத்தோடு சேர்ந்த செய்தி.

நேயர்களே, தோட்டத்துப் பெரியவர்களிடம் பேசினால், "முன்னெல்லாம் இப்படியா? வெயில் காலத்தில் வெயில், மழை காலத்தில் மழை. இப்போது எது எப்போது வரும் என்றே தெரியவில்லை" என்கிறார்கள். இது வயதானவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைதானா? அல்லது வானம் உண்மையிலேயே மாறிவிட்டதா? மாறியது என்றால், யார் மாற்றினார்கள்? அதனால் நமக்கு வருவது என்ன? நாம் செய்யக்கூடியது என்ன? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வானிலை வேறு, பருவநிலை வேறு. இன்று காலை மழை, மாலை வெயில் என்பது வானிலை. ஓர் இடத்தில் பல ஆண்டுகளாக எந்த மாதத்தில் எவ்வளவு மழை, எவ்வளவு வெப்பம் என்று பார்த்துக் கூட்டி வகுத்துச் சொல்வது பருவநிலை. இதற்கு 30 ஆண்டுக் கணக்கை உலகெங்கும் அளவாக வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதர் ஒருநாள் கோபப்பட்டால் அது அவருடைய அன்றைய மனநிலை. முப்பது ஆண்டு பழகிப் பார்த்து, "அவர் கோபக்காரர்" என்று சொன்னால் அது அவர் குணம். வானிலை என்பது வானத்தின் மனநிலை. பருவநிலை என்பது அதன் குணம். ஒருநாள் வெயில் கொளுத்தியதற்காகக் குணம் மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உலகம் முழுவதிலும் நிலத்திலும் கடலிலும் வைத்துள்ள வெப்பமானிகள் நூறு ஆண்டுக்கு மேலாக எழுதிவைத்த கணக்கைப் பார்க்கும்போது, குணமே மாறிக்கொண்டிருப்பது ஐயமின்றித் தெரிகிறது.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 1850-ஆம் ஆண்டுக்கும் 1900-ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இருந்ததைவிட, உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகை செல்சியசுக்கு மேல் ஏறிவிட்டது. 2024-ஆம் ஆண்டு மட்டும் தனியாகப் பார்த்தால், ஏற்றம் ஒன்றரைப் பாகையையும் தாண்டிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து மிகச் சூடான ஆண்டு அதுதான் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

"ஒன்றரைப் பாகைதானே! காலைக்கும் மத்தியானத்துக்கும் நம் தோட்டத்திலேயே எட்டுப் பாகை வேறுபாடு இருக்கிறதே" என்று யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்விதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறோம்? உடம்புச் சூடு 37 பாகை இருக்கவேண்டியது, முப்பத்தெட்டரை காட்டினால் உடனே நனைத்த துணியைத் தேடுகிறோம். ஒன்றரைப் பாகைதானே என்று சும்மா இருப்பதில்லை. உலகத்துக்கு இப்போது வந்திருப்பதும் அப்படிப்பட்ட காய்ச்சல்தான்.

இந்தக் காய்ச்சல் எப்படி வந்தது? வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்ட லாரியின் கதவைத் திறந்து ஏறியிருக்கிறீர்களா? முகத்தில் அனல் அடிக்கும். வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்றிலும், வழி சற்று வேறானாலும், இதைப் போன்ற ஒரு செயல் நடக்கிறது. சூரிய ஒளி காற்றைக் கடந்து தரையைச் சூடாக்குகிறது. தரை அந்தச் சூட்டை மேலே திருப்பி அனுப்புகிறது. காற்றில் கலந்துள்ள நீராவியும் கரியமில வாயுவும் அந்தச் சூட்டில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் கரிவளி என்று படிப்பதும் இந்தக் கரியமில வாயுவைத்தான். இப்படிச் சூட்டைப் பிடித்து வைப்பது நல்லதுதான்; அது இல்லாவிட்டால் பூமி பனிக்கட்டியாக உறைந்துபோகும். ஆனால் அந்த வாயு அளவுக்கு மிஞ்சினால், சூடும் அளவுக்கு மிஞ்சுகிறது.

இதை யாரோ நேற்றுக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1859-ஆம் ஆண்டிலேயே ஜான் டிண்டால் என்ற அறிவியலார், சில வாயுக்கள் சூட்டைப் பிடித்துக்கொள்வதைச் சோதனை செய்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ், கரியமில வாயு கூடினால் உலக வெப்பம் எவ்வளவு ஏறும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். 1958-இல் சார்ல்ஸ் டேவிட் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவிலுள்ள ஓர் உயர்ந்த மலையில் கருவியை வைத்துக் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. நீராவி இயந்திரங்களும் ஆலைகளும் பெருகுவதற்கு முன் அது 280 பங்குதான். 2024-இல் 420 பங்கையும் தாண்டிவிட்டது. பழைய அளவில் ஏறக்குறைய பாதியை நாம் புதிதாகக் கூட்டியிருக்கிறோம்.

பத்து லட்சத்தில் வெறும் 420 பங்கு என்றால், கடலில் கரைத்த பெருங்காயம் போல அல்லவா என்று தோன்றலாம். பால் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. தொட்டி நிறையப் பால் இருக்கும். அதில் தண்ணீரில் கலந்த திராவகத்தை மிகச் சிறிதளவுதான் விடுவோம். சற்று நேரத்தில் தொட்டிப் பால் முழுவதும் கட்டியாக உறைந்துவிடும். திராவகம் கொஞ்சம்தானே என்று பால் பார்ப்பதில்லை. அளவு சிறியதாக இருக்கலாம். அது செய்யும் வேலை சிறியதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

சரி, அந்தக் கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரித்ததால் வந்தது. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலையால் உறிஞ்சி, அதைக் கொண்டு தன் உடம்பைக் கட்டுகிறது. நாம் வெட்டும் பாலும் அப்படி வந்ததுதான். அது காற்றிலிருந்து மரம் சேர்த்த கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இருந்த காடுகள் மண்ணுக்குள் புதைந்து நிலக்கரி ஆயின. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் புதைந்து எண்ணெய் ஆயின. அத்தனை காலம் பூமி சேர்த்து வைத்த சேமிப்பை, மனிதர்கள் இருநூறு ஆண்டுகளுக்குள் எடுத்து எரித்துக் காற்றில் விட்டுவிட்டார்கள். பாட்டன் பூட்டன் சேர்த்த சொத்தை ஒரே தீபாவளியில் பட்டாசாகக் கொளுத்தியதுபோல!

இங்கே நம் சொந்தக் கதையும் வருகிறது, நேயர்களே. 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த சில ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. அந்த மரத்தைப் பெருமளவில் நடத் தூண்டியது எது? மோட்டார் வண்டி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மோட்டார் வண்டிகள் பெருகின. வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு ஆள் வேண்டும் என்றுதான் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து காட்டை அழிக்கவைத்தார்கள், மரம் நடவைத்தார்கள், வெட்டவைத்தார்கள். 1920-ஆம் ஆண்டுகளில் உலகின் ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போயிற்று. நம் பாட்டிமார் வெட்டிய பால், எங்கோ கண்காணாத நாட்டில் சக்கரமாக உருண்டது. அந்த வண்டிகள் விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதி இன்னும் காற்றிலேயே இருக்கிறது. ஏனெனில் அதில் ஒரு பங்கு பல நூறு ஆண்டுகள் கரையாமல் தங்கும். வண்டியில் போனவர்கள் போய்விட்டார்கள். வண்டி விட்ட புகையின் பலன், பால் வெட்டியவரின் கொள்ளுப்பேரன் தலையில் மழையாக வந்து விழுகிறது. யார்மேலும் கோபம் மூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. குறைவாக எரித்தவர்தாம் முதலில் அடிபடுகிறார் என்னும் கணக்கை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆனால் எல்லாப் பழியையும் பிறர்மேல் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துத்தான் வருகிறது. காடு அழிந்தபோது, காட்டு மரங்கள் சேர்த்து வைத்திருந்த கரியும் காற்றில் கலந்தது. செம்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றிலிருந்து குமிழி குமிழியாக வருவது மீத்தேன் வாயு. எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். சில ஆலைகள் இப்போது அந்த வாயுவை மூடிப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன. அது நல்ல வழி.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு: மலாய்மொழியில் 'தானா கம்புட்' என்று சொல்லும் சதுப்பு மண். இலையும் கிளையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் விழுந்து, மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. ஈரமாக இருக்கும்வரை அது கரியைப் பூட்டி வைத்த பெட்டி. அதில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துப் பயிர் செய்தால், மண் காய்கிறது. காற்றுப் பட்டு மெல்ல மக்கிக் கரியமில வாயுவாக மாறுகிறது. நிலமும் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட மண்ணில் நட்ட செம்பனை சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். வறட்சியில் அதில் தீப்பிடித்தாலோ மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

1997-ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவர்கள். பகலில் சூரியன் செம்புத் தட்டுப்போல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கண் கூசவில்லை. இந்தோனேசியாவில் எரிந்த காடும் சதுப்பு மண்ணும் கிளப்பிய புகை அது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐயும் தாண்டியது. அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 300-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்பது அந்தக் குறியீட்டின் கணக்கு. அந்த ஓராண்டில் இந்தோனேசியச் சதுப்புத் தீயிலிருந்து வெளிவந்த கரி, உலகம் முழுவதும் ஓராண்டில் எண்ணெயும் நிலக்கரியும் எரித்து வெளியிடுவதில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். புகை நம் மூச்சில் சில வாரம் இருந்து போய்விட்டது. அதிலிருந்து வந்த வாயு போகவில்லை.

இனி, இதனால் விளைவது என்ன என்று பார்ப்போம்.

முதலாவது, மழை. காற்று ஒரு பாகை கூடுதலாகச் சூடேறினால், ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைச் சுமக்கும். பெரிய வாளியில் அதிகத் தண்ணீர் பிடிப்பதுபோல. அந்த வாளி கவிழும்போது கொட்டுவதும் அதிகமாகிறது. ஆகையால் உலகின் பல பகுதிகளில் கனமழை முன்னைவிடக் கனமாகியிருக்கிறது. 2014 டிசம்பரில் கிளந்தானையும் கிழக்குக் கரையையும் மூழ்கடித்த வெள்ளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுவிட்டு வெளியேறினார்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில், ஒரு மாதத்தில் பெய்யவேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. வெள்ளம் அதிகம் பாராத மேற்குக் கரையில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். 1926-இலும் 1971-இலும் பெருவெள்ளம் வந்தது. அப்போதும் மழை பெய்தது; இனியும் பெய்யும். ஒவ்வொரு வெள்ளத்தையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அடைபட்ட அல்லூறும், ஆற்றோரத்தில் கட்டிய வீடும், மொட்டையாக்கிய குன்றும் சேர்ந்துதான் மழையை வெள்ளமாக்குகின்றன. ஆனால் முன்பு அரிதாக விழுந்த பகடையின் எண், இப்போது அடிக்கடி விழும்படி பகடையே கனம் மாறிவிட்டது என்பதுதான் அறிவியலார் சொல்லும் செய்தி.

இந்த மழை மரத்தடியில் என்ன செய்கிறது என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியுமுன் மரப்பட்டையின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பாலும் குறையும். அதனால்தான் நெற்றி விளக்கோடு இருட்டில் போகிறோம். இரவு பெய்த மழையில் மரம் நனைந்திருந்தால், பால் வெட்டுக் கோட்டில் ஓடி மங்கில் விழாமல் பட்டை முழுவதும் பரவி வீணாகிறது. வெட்டியபின் மழை வந்தாலோ மங்கிலுள்ளது தண்ணீரோடு போகிறது. மாலையில் பெய்யும் ஓர் அங்குல மழை மரத்துக்கு உணவு. விடியலில் பெய்யும் அதே ஓர் அங்குலம் ஒருநாள் கூலி. எனவே மொத்த மழை எவ்வளவு என்பதைவிட, எப்போது பெய்கிறது என்பதுதான் நம் அரிசிப் பானையைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, வறட்சி. எல் நினோ என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் கடல்நீர் சில ஆண்டுக்கு ஒருமுறை வழக்கத்துக்கு மேல் சூடாகும். அப்போது நம் பக்கம் வரவேண்டிய மழைமேகம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். இது இயற்கையானது, பழங்காலத்திலிருந்தே வருவது. ஆனால் ஏற்கெனவே சூடேறிய உலகத்தின்மேல் அது வந்து விழும்போது வெயில் இன்னும் கொடிதாகிறது. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவாயிற்று. 2016-இல் வெயில் தாங்காமல் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள்.

செம்பனைக்கு வறட்சியின் கணக்கு தாமதமாக வரும். இன்று நாம் அறுக்கும் குலை, ஆண்பூவா பெண்பூவா என்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு முன்பே குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மரத்துக்குத் தண்ணீர் போதாவிட்டால் ஆண்பூ மிகுந்து, பெண்பூ குறைந்துவிடும். குலை பெண்பூவில்தானே வரும்? மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில், "மரமெல்லாம் பச்சையாக இருக்கிறது, குலையைத்தான் காணோம்" என்று நாம் வியப்பதுண்டு. அது பழைய வறட்சியின் பாக்கி. குலைக் கணக்கில் கூலி வாங்குபவர் அந்தப் பாக்கியை அடைக்கிறார்.

மூன்றாவது, உடம்பு. இதைத்தான் நாங்கள் மிகவும் கவலையோடு சொல்கிறோம். மனித உடம்பு வியர்வையால் தன்னைக் குளிரவைக்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் காய்வதில்லை. அதனால் வறண்ட நாட்டில் 35 பாகையைத் தாங்கும் உடம்பு, இங்கே அதே 35 பாகையில் தடுமாறும். மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் நம் வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. வானொலியில் இந்தச் செய்தி வந்தால் பட்டணத்துக்குச் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். குலை அறுப்பவருக்கும், மருந்துத் தெளிப்பவருக்கும், உதிரிப் பழம் பொறுக்கும் அம்மாக்களுக்கும்தான் அது முதலில்.

வெயிலில் வேலை செய்யும் ஒருவர் தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் உடனே நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, நிலை தெரியாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உயிர் போகும் ஆபத்து. 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஆள் வரும்வரை சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிப்பதே வெயில் வேலைக்கு ஏற்ற வழி. கள்ளும் சாராயமும் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும். வெயிலில் நின்றவருக்கு அது நஞ்சு.

நான்காவது, கடல். உலகில் கூடிய வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. சூடான நீர் விரியும். நிலத்தின்மேலுள்ள பனிமலைகளும் உருகிக் கடலில் சேருகின்றன. 1901-க்கும் 2018-க்கும் இடையில் கடல் மட்டம் உலகச் சராசரியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. கரையோரத் தாழ்நிலத் தோட்டங்களில் வரப்புக்கட்டியும் மதகும் வைத்துக் காப்பவர்களுக்கு ஒரு சாண் உயர்வு என்றால் என்ன என்று தெரியும்.

இவ்வளவும் கேட்டபின், "உலகம் முழுவதும் எரித்ததை இந்த லயத்து வீட்டிலிருந்து நாம் என்ன செய்துவிட முடியும்?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. பெரிய வேலை அரசாங்கங்களுடையது. 2015-இல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் கூடி, வெப்ப ஏற்றத்தை இரண்டு பாகைக்கு வெகுவாகக் கீழே வைக்கவும், முடிந்தால் ஒன்றரைப் பாகையில் நிறுத்தவும் உடன்பட்டன. மலேசியாவும் அதில் சேர்ந்தது. புதிய நிலக்கரி மின்நிலையங்கள் கட்டுவதில்லை என்று 2021-இல் நம் அரசாங்கம் அறிவித்தது. சொன்னது நடக்கிறதா என்று பார்த்துக் கேட்பது வாக்காளர்களாகிய நம் கடமை.

வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை நான்கு. குப்பையையும் சருகையும் கொளுத்தாதீர்கள். குழி தோண்டி மக்கவிட்டால் கத்தரிக்கும் வெண்டைக்கும் அதைவிட நல்ல உரமில்லை. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம். வீட்டைச் சுற்றியுள்ள அல்லூறுகளை மழைக்காலத்துக்கு முன் நான்கு வீட்டார் சேர்ந்து வெட்டி விடுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்; வெள்ளத்தில் போன பத்திரத்தால் படிப்பு தடைப்பட்ட பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். வாசலில் நிழல் தரும் ஒரு மரமேனும் வையுங்கள்.

அடுத்தது, வேலையிடத்தில். மழையோடு பேரம் பேச முடியாது. ஆனால் மழை நாளுக்கு என்ன கூலி என்று பேசலாம், அதற்குத்தான் சங்கம். மரத்தைச் சுற்றி மழைக் கவசம் கட்டினால் பல வெட்டு நாள்களைக் காப்பாற்றலாம். அதை நிர்வாகத்திடம் கேட்கலாம். கடும் வெயில் நாளில் வேலை நேரத்தை முன்னுக்குத் தள்ளவும், நிழலில் ஓய்வும் குடிநீரும் தரவும் கேட்கலாம். 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலை செய்பவரின் உடல்நலத்தைக் காக்கும் கடமையை முதலாளிமேல் வைத்திருக்கிறது. இன்று நம்மோடு நிறையில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அதே வெயில்தான், அதே சட்டம்தான். நம் பாட்டன்மார் வந்திறங்கிய நிலையில் அவர்கள் இன்று நிற்கிறார்கள் என்பதை நினைவில் கொள்வோம்.

கடைசியாக, பிள்ளைகள். அந்த நான்காம் ஆண்டு மாணவனைப் பற்றி முதலில் சொன்னோம். அன்று வகுப்பு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே புனல்போல் பொருத்தி, அடியில் கொஞ்சம் கூழாங்கல் போட்டுத் தண்ணீரால் மட்டம் செய்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி அவன் கையில் கொடுத்தோம். "இனி மழை என்று மட்டும் சொல்லாதே, எத்தனை மில்லிமீட்டர், எந்த நேரத்தில் என்று எழுதிக்கொண்டு வா" என்றோம். திறந்த வெளியில், கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் அதை வைத்தான். நாள்தோறும் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதினான். அந்த நோட்டின் ஓரத்தில், நாங்கள் சொல்லாமலே இன்னொரு கட்டம் போட்டிருந்தான். 'அப்பா வெட்டு: உண்டு, இல்லை' என்பது அதன் தலைப்பு.

அந்தக் கட்டத்தைப் பார்த்து நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. மழை எப்போது பெய்தது, கூலி எப்போது போயிற்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்த கணக்கு நம் தோட்டங்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது? வாய்ப்பேச்சில், "முன்னெல்லாம் இப்படி இல்லை" என்றால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தேதி போட்டு எழுதிய நோட்டை எடுத்துவைத்துப் பேசினால் கிராணியும் கேட்பார், துரையும் கேட்பார், சங்கத் தலைவரும் கேட்பார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு போத்தலும் ஒரு நோட்டும் கொடுங்கள். அதிகம் செலவாகாது. முப்பது ஆண்டு எழுதினால் அது பருவநிலைக் கணக்கு. மூன்று மாதம் எழுதினாலும் அது நம் வாழ்க்கைக் கணக்கு.

அந்த மாணவன் இப்போதும் மழை நாளில் சில வேளை வருவதில்லை. ஆனால் வரும்போது நோட்டோடு வருகிறான்.